ஐபோனா, ஆண்ட்ராய்டா: மாறிய பிறகு முறையாக ஒப்பிட்டுப் பார்க்க முழுமையான வழிகாட்டி

புதுப் போன் கைக்கு வந்த மூன்றாம் நாளே பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: "பேட்டரி நிற்கவே மாட்டேங்குது", "பழைய கேமராதான் நல்லா இருந்துச்சு". அந்த மூன்று நாளும் போன் பின்னணியில் மூச்சுவிடாமல் வேலை செய்துகொண்டிருக்கும். ஐபோன் உங்கள் படங்களில் உள்ள முகங்களைப் பிரித்தறிந்து, தேடலுக்கான அட்டவணையைத் தயாரித்துக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு போன் செயலிகளைத் தனக்கேற்பத் தொகுத்துக்கொண்டு, எந்தச் செயலியை எப்போது திறக்கிறீர்கள் என்று பழகிக்கொண்டிருக்கும். உங்கள் விரலும் பழைய போனின் பழக்கத்திலேயே நகரும். முதல் வாரத்தில் தெரியும் குறைகளில் பாதி இடமாற்றத்தின் குறைகள். தரவை ஒழுங்காக மாற்றி, பத்து நாள் பழகி, இரண்டையும் ஒரே நிலைமையில் வைத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

இங்கே ஐபோன் 16, சாம்சங் கேலக்ஸி எஸ்25 இரண்டையும் எடுத்துக்கொள்கிறோம். இந்தியாவில் வெளியானபோது ஐபோன் 16-இன் 128 ஜிபி மாடல் 79,900 ரூபாய். எஸ்25-இன் 256 ஜிபி மாடல் 80,999 ரூபாய். அப்போது விலை அருகருகே இருந்ததால் இந்த ஜோடிக்கு நடுவில்தான் பலரும் தடுமாறினார்கள். வேறு ஜோடியாக இருந்தாலும் முறை இதேதான்.

மாற்றுவதற்கு முந்தைய நாள்

முதலில் எண்ணிக்கைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: தொடர்புகள் எத்தனை, படங்கள் எத்தனை, வீடியோக்கள் எத்தனை, வாட்ஸ்அப் எத்தனை ஜிபி. மாற்றி முடித்தபின் எது விடுபட்டது என்று கண்டுபிடிக்க இந்தத் துண்டுச்சீட்டைவிட நல்ல கருவி கிடையாது.

ஆண்ட்ராய்டில் தொடர்புகள் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கலாம்: சிம்மில், போனில், கூகுள் கணக்கில். காண்டாக்ட்ஸ் செயலியில் எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு நகர்த்திவிட்டு, கணினியில் அதே கணக்கைத் திறந்து எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். "பாதி நம்பரைக் காணோம்" என்ற புகாருக்கு இதுதான் வழக்கமான காரணம்.

ஐபோனிலிருந்து கிளம்புகிறவர்கள் போட்டோஸ் அமைப்பில் "ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்" இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இயங்கினால் போனில் இருப்பது பெரும்பாலும் சிறிய பிரதி. அசல் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் இருக்கும். கேபிள் வழியே மாற்றும்போது அந்த அசல் வராது. இவர்களுக்கு நல்ல வழி ஆப்பிளின் தனியுரிமைத் தளம். அங்கே உங்கள் கணக்கில் நுழைந்து, ஐகிளவுட் படங்களின் பிரதியை நேரடியாக கூகுள் போட்டோஸுக்கு அனுப்பச் சொல்லலாம். 3 முதல் 7 நாள் ஆகும் என்பதால் போன் வாங்கும் முன்பே தொடங்கிவிடுங்கள். எதிர்த்திசையில், கூகுள் போட்டோஸிலிருந்து ஐகிளவுடுக்கு அனுப்பும் வசதியும் 2024 ஜூலையிலிருந்து இருக்கிறது. இலவச இடம் கூகுளில் 15 ஜிபி, ஐகிளவுடில் வெறும் 5 ஜிபி. சேருமிடத்தில் இடம் போதாவிட்டால் எல்லாப் படங்களும் போய்ச் சேராது.

படங்களை வாட்ஸ்அப் வழியே உங்களுக்கே அனுப்பி மாற்றாதீர்கள். தரம் குறையும், எடுத்த தேதியும் இடமும் அழிந்துவிடும். பத்து வருடப் படங்களும் ஒரே தேதியில் குவிந்து கிடப்பதைச் சரிசெய்வது பெரும்பாடு.

ஓடிபி உருவாக்கும் செயலிகளை மறக்கவே கூடாது. கூகுள் ஆதென்டிகேட்டர் 2023 ஏப்ரலிலிருந்து கணக்கோடு ஒத்திசைகிறது. கியூஆர் வழியாகவும் மாற்றலாம். மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டரில் ஐபோனில் எடுத்த காப்புப்பிரதி ஆண்ட்ராய்டில் திறக்காது, அங்கிருந்து இங்கும் அப்படியே. ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து புதுப் போனை மறுபடி பதிய வேண்டும். பழைய போன் உயிரோடு இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்: முதலிலேயே முடிவெடுங்கள்

இந்த மாற்றத்தில் மக்கள் அதிகம் இழப்பது வாட்ஸ்அப் உரையாடல்களை. இரண்டு வழிகள் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் போனை ஆன் செய்ய வேண்டும்.

"இன்னும் உறுதியில்லை, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுப்பேன்" என்பவர்கள் வாட்ஸ்அப்பை நகர்த்தவே வேண்டாம். புதுப் போனில் வாட்ஸ்அப் போட்டு, எண்ணைப் பதிவதற்குப் பதிலாக துணைச் சாதனமாக இணைக்கும் தேர்வை அழுத்துங்கள். திரையில் வரும் கியூஆரைப் பழைய போனில் "லிங்க்டு டிவைசஸ்" வழியாக ஸ்கேன் செய்தால் போதும். இரண்டு போனிலும் ஒரே கணக்கு ஓடும். பழைய உரையாடல் முழுதும் வராது, சமீபத்தியவை வரும். முதன்மைப் போனில் 14 நாள் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்கும் காலத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை.

முடிவாக மாறுகிறவர்கள் முழுமையாக நகர்த்தலாம். ஆனால் புதுப் போனை முதன்முதலாக அமைக்கும்போதுதான் அது நடக்கும். பாதியில் நினைவு வந்தால் புதுப் போனை ரீசெட் செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு

1. இரண்டு போனையும் சார்ஜரில் மாட்டி, ஒரே வைஃபையில் இணையுங்கள். ஆண்ட்ராய்டில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். பலவீனமான வைஃபையை விட்டுத் தானாக டேட்டாவுக்குத் தாவும் அமைப்பு இருந்தால் அதையும் அணையுங்கள். டிரான்ஸ்ஃபர் நடுவழியில் அறுவதற்கு அந்தத் தாவல்தான் பெரும்பாலும் காரணம்.

2. ஆண்ட்ராய்டில் ஆப்பிளின் "மூவ் டு ஐஓஎஸ்" செயலியை நிறுவுங்கள். ஐபோன் அமைப்பில் தரவு மாற்றும் திரை வரும்போது "ஃப்ரம் ஆண்ட்ராய்டு" தேர்ந்தெடுத்தால் ஒரு எண் குறியீடு வரும். அதை ஆண்ட்ராய்டில் இடுங்கள். ஐபோன் தற்காலிக வைஃபை ஒன்றை உருவாக்கும். ஆண்ட்ராய்டு அதில் இணைய அனுமதி கொடுங்கள்.

3. பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுத்து "ஸ்டார்ட்" அழுத்துங்கள். தரவைத் தயார் செய்தபின் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். பதற வேண்டாம், அப்படித்தான் நடக்க வேண்டும். பிறகு மற்றவற்றையும் தேர்ந்தெடுத்துத் தொடருங்கள்.

4. முடியும்வரை ஆண்ட்ராய்டில் வேறு செயலியைத் திறக்காதீர்கள். "முடிந்தது" என்று ஆண்ட்ராய்டு சொன்னாலும் ஐபோன் திரையில் பட்டை முழுதாக நிரம்பும்வரை பொறுங்கள்.

5. ஐபோனில் வாட்ஸ்அப் நிறுவி, அதே எண்ணில் நுழைந்து, கேட்கும்போது "ஸ்டார்ட்" அழுத்துங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தாண்டிப் போனால் பழைய உரையாடல் வராது. சரியாகச் செய்தாலும் அழைப்பு வரலாறு வருவதில்லை.

எஸ்டி கார்டில் உள்ளவையும் கணக்கில் சேரும். போனில் 90, கார்டில் 60 ஜிபி வைத்திருப்பவருக்கு 128 ஜிபி ஐபோன் போதாது.

ஐபோனிலிருந்து கேலக்ஸிக்கு

சிம்மைக் கழற்றுமுன் ஐபோன் செட்டிங்ஸில் ஐமெசேஜையும் (ஆப்பிளின் செய்திச் சேவை) ஃபேஸ்டைமையும் (ஆப்பிளின் அழைப்புச் சேவை) அணையுங்கள். விட்டுவிட்டால், மற்ற ஐபோன்காரர்கள் உங்களுக்கு அனுப்பும் செய்திகள் ஐமெசேஜாகவே போய், உங்கள் கைக்கு வராமல் தொலையும். ஐபோன் ஏற்கெனவே கையைவிட்டுப் போயிருந்தால், ஐமெசேஜிலிருந்து எண்ணை நீக்க ஆப்பிள் தளத்தில் தனிப் பக்கம் இருக்கிறது.

பிறகு கேபிள். ஐபோன் 15 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் இருபுறமும் டைப்-சி. ஐபோன் 14 வரை டைப்-சி – லைட்னிங். கேலக்ஸியின் ஆரம்ப அமைப்பில் கேபிளை இணைத்து, ஐபோனில் "டிரஸ்ட்" கொடுங்கள். சாம்சங்கின் தரவு மாற்றும் செயலியான ஸ்மார்ட் ஸ்விட்ச் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வாட்ஸ்அப்புக்காக கேலக்ஸி திரையில் ஒரு கியூஆர் வரும். அதை ஐபோன் கேமராவால் ஸ்கேன் செய்து, திறக்கும் வாட்ஸ்அப்பில் "ஸ்டார்ட்" அழுத்த வேண்டும். ஐபோன் திரை பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய செயலிகள் எந்தத் திசையிலும் கூட வராது. ஆப்பிள் வழியே கட்டும் மாதச் சந்தாக்களை ஐபோனை விடுமுன் ரத்து செய்யுங்கள். போன் போனாலும் பணம் பிடிப்பது நிற்காது.

சிம்மும் யுபிஐயும்

வங்கியோடு இணைந்த சிம்மை ஒரே ஒரு முறைதான் மாற்ற வேண்டும். இன்று இந்தப் போன், நாளை அந்தப் போன் என்று மாற்றி மாற்றிப் போட்டால், ஒவ்வொரு முறையும் யுபிஐ செயலி புதுச் சாதனமாகப் பதியச் சொல்லும். பதிந்ததும் வரம்பு விழும்: ஆண்ட்ராய்டில் முதல் 24 மணி நேரமும், ஐபோனில் முதல் 72 மணி நேரமும் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. பள்ளிக் கட்டணமோ வாடகையோ கட்ட வேண்டிய வாரத்தில் போன் மாற்றாதீர்கள்.

பதிவுக்கான எஸ்எம்எஸ்ஸை ஆண்ட்ராய்டில் செயலியே அனுப்பிவிடும். ஐபோனில் மெசேஜஸ் திரை திறக்கும். எழுதி வைத்திருக்கும் வரியில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் நீங்கள்தான் அனுப்ப வேண்டும். இரண்டு சிம் இருந்தால், எந்த எண்ணிலிருந்து போகிறது என்று மேலே பாருங்கள். பதிவு தோற்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். எஸ்எம்எஸ் வசதி இல்லாத ரீசார்ஜும் இன்னொரு காரணம்.

சிம்மை இ-சிம்மாக (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) மாற்றும் ஆசை இந்த நேரத்தில் வேண்டாம். சிம் மாற்றினால் தொலைத்தொடர்புத் துறை விதிப்படி 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படும். ஓடிபியும் வராது, யுபிஐ பதிவும் நடக்காது.

ஒப்பீட்டுக்கென வங்கியோடு தொடர்பில்லாத இரண்டாவது சிம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாராளமாக மாற்றிப் போடலாம்.

முதல் பத்து நாள்

இந்த நாள்களில் எதையும் அளக்காதீர்கள். பழகுங்கள். ஆண்ட்ராய்டில் திரையின் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து இழுத்தாலும் பின்னே போகும். ஐபோனில் இடது ஓரம் மட்டும்தான், சில செயலிகளில் அதுவும் இல்லை. இந்த ஒரு வேறுபாடுதான் ஆண்ட்ராய்டுக்காரரை ஐபோனில் அதிகம் எரிச்சலூட்டும். பத்து நாளில் பாதி எரிச்சல் போய்விடும், மீதி போகாது. போகாத மீதியை ஒப்பீட்டில் எழுதிக்கொள்ளலாம்.

கேலக்ஸிக்கு வருகிறவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அடிக்கடி திறக்காத செயலிகளைச் சாம்சங் உறங்க வைக்கும். அலுவலகச் செயலியின் அறிவிப்பு தாமதமாக வந்தால், பேட்டரி அமைப்பில் பின்னணிப் பயன்பாட்டு வரம்புக்குள் போய், அதை "ஒருபோதும் உறங்காத" பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் "ஆண்ட்ராய்டில் அறிவிப்பே வராது" என்று முடிவு கட்டுவது நியாயமில்லை.

பேட்டரி

ஐபோன் 16-இல் 3,561 எம்ஏஎச், எஸ்25-இல் 4,000 எம்ஏஎச். எண்ணைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. சிப்பும் திரையும் வேறு. ஐபோன் 16-இன் திரை 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும்), எஸ்25-இன் திரை 120 வரை போகும்.

மூன்று சோதனைகள் போதும். இரண்டு போனிலும் சிம் இருக்க வேண்டும், அல்லது இரண்டிலும் இல்லாமல் இருக்க வேண்டும். சிம் உள்ள போன் டவரோடு பேசிக்கொண்டே இருப்பதால் இல்லாததைவிட வேகமாகக் குறையும்.

முதலாவது, ஒரு மணி நேர வீடியோ. ஒரே வைஃபை, ஒரே யூடியூப் வீடியோ, இரண்டிலும் 1080 தரம். வெளிச்சத்தைச் சதவீதத்தால் சமன் செய்யாதீர்கள். ஒன்றின் 50 சதவீதம் மற்றதன் 50 சதவீதம் ஆகாது. தானியங்கி வெளிச்சத்தை அணைத்துவிட்டு, வெள்ளைப் பக்கம் ஒன்றை இரண்டிலும் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் சமன் செய்யுங்கள். இரண்டாவது, ஒரு மணி நேரம் மேப்ஸ் வழிகாட்டலுடன் வெளியே. வெயிலில் திரை உச்ச வெளிச்சத்துக்குப் போகும், சூடும் சேர்ந்துகொள்ளும். சென்னை ஏப்ரலில் டேஷ்போர்டில் மாட்டிய போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கும், இரண்டுமே குறைக்கும். எது முதலில் குறைக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது, இரவு 11 மணி முதல் காலை 6 மணிவரை சும்மா வைத்தல். 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் போனைக் குறை சொல்லுமுன், பேட்டரி பக்கத்தில் எந்தச் செயலி தின்றது என்று பாருங்கள்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜரையும் சமன் செய்ய வேண்டும். இரண்டு பெட்டியிலும் சார்ஜர் கிடையாது. யுஎஸ்பி பிடி, பிபிஎஸ் (இரண்டும் வேக சார்ஜிங்குக்கான பொது முறைகள்) இரண்டும் தரும் 25 வாட் சார்ஜர் ஒன்று இரண்டு போனுக்கும் பொருந்தும். வேறு நிறுவனத்தின் 67 அல்லது 80 வாட் சார்ஜர் வீட்டில் இருக்கிறது என்று அதை மாட்டினால் இரண்டுமே மெதுவாக ஏறக்கூடும். அந்த வேகம் அந்த நிறுவனத்தின் தனி முறையில் மட்டும் கிடைப்பது.

சிக்னல்

கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் வைத்திருக்கிறது. சாம்சங்கில் போனைப் பற்றிய பக்கத்தில் சிம் நிலைக்குள் சிக்னல் அளவு டிபிஎம்மில் (சிக்னல் வலுவை அளக்கும் அலகு) இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் சோதனைத் திரை திறக்கும். அதில் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள், டவரிலிருந்து வரும் சிக்னலின் வலு அதுதான். ஒரே சிம், ஒரே இடம், இரண்டும் 4ஜி அல்லது இரண்டும் 5ஜி. எண் பூஜ்ஜியத்துக்கு அருகே இருக்க இருக்க நல்லது: -80 வலுவானது, -110 பலவீனம், -120 அருகே அழைப்பு அறும். 2, 3 அளவு வேறுபாடு கையை நகர்த்தினாலே வரும். தொடர்ந்து 6-க்கு மேல் வேறுபட்டால்தான் பேச வேண்டும். உங்கள் வீட்டில் மோசமான மூலை எதுவோ அங்கேதான் அளக்க வேண்டும்.

கேமரா

எஸ்25-இல் 50 மெகாபிக்சல் முதன்மைக் கேமராவோடு 3 மடங்கு ஜூம் தரும் தனி லென்ஸ் உண்டு. ஐபோன் 16-இல் அது இல்லை. 48 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதியை வெட்டி 2 மடங்கு தருகிறது. பள்ளி மேடையில் ஆடும் குழந்தையைப் பின்வரிசையிலிருந்து எடுப்பவருக்கு இந்த ஒன்றே முடிவைத் தீர்மானிக்கும். மற்றபடி சோதித்துத்தான் அறிய வேண்டும்.

பெரிய தவறு, ஒவ்வொரு படத்தையும் எடுத்த போனின் திரையிலேயே பார்ப்பது. சாம்சங்கில் திரையின் "விவிட்" நிறம் படத்தைத் தூக்கிக் காட்டும். ஐபோனின் ட்ரூ டோன் அறை விளக்குக்கேற்ப வெள்ளையை மாற்றும். இரண்டு கோப்பையும் அசல் தரத்தில் ஒரே கணினித் திரைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் "டாக்குமென்ட்" ஆக அனுப்புங்கள்.

என்னென்ன எடுப்பது? மாலை வெயிலை முதுகில் வாங்கி நிற்கும் மனிதர். வானமும் முகமும் சேர்ந்து தெரிகிறதா என்று பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் மாநிற முகம், வெளுப்பாக்குகிறதா, மஞ்சளடிக்கிறதா. பட்டுச் சேலையின் அரக்கு. சிவப்பாக மாறிவிடும் கேமராக்கள் நிறைய. ஓடும் குழந்தை, ஒரு விளக்கு மட்டும் எரியும் அறையில். பத்துப் படம் எடுத்து எத்தனை தெளிவு என்று எண்ணுங்கள். குடும்பப் படங்களுக்கு இந்தக் கடைசிச் சோதனையே முக்கியம். அசையாத கட்டடத்தை எந்தப் போனும் இப்போது நன்றாக எடுக்கும்.

தமிழில் எழுதுதலும் அழைப்பும்

ஐபோனில் தமிழ்99 (தமிழ் எழுத்துகளாலேயே அடிப்பது), அஞ்சல் (ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவது) விசைப்பலகைகள் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே உள்ளமைந்து வருகின்றன. ஆண்ட்ராய்டில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவதும், தமிழில் பேசித் தட்டச்சு செய்வதும் உண்டு.  குரலால் எழுதுகிறவர் வாங்குமுன் கடையிலேயே ஒரு நீளமான வாக்கியத்தைப் பேசிப் பார்க்க வேண்டும்.

அழைப்பைப் பதிவு செய்யும் வசதி ஐபோனில் ஐஓஎஸ் 18.1 முதல் இருக்கிறது. பதிவாகிறது என்று இரு தரப்புக்கும் குரல் அறிவிப்பு போகும்.

போனுக்கு வெளியே ஆகும் செலவு

ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு வேலை செய்யாது. கேலக்ஸி வாட்ச் 4 முதல் வந்தவை ஐபோனோடு வேலை செய்யாது. ஏர்பாட்ஸ் சாதாரண ப்ளூடூத் ஆக ஓடும். கைக்கடிகாரம் வைத்திருப்பவர் அதன் விலையையும் மாற்றச் செலவில் கூட்டிக்கொள்ள வேண்டும், பலர் கூட்டுவதில்லை.

எத்தனை வருடம் ஓடும் என்பதில் இரண்டும் இப்போது கிட்டத்தட்டச் சமம். எஸ்25-க்குச் சாம்சங் 7 வருட அப்டேட் உறுதி தந்திருக்கிறது. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், 2024-இன் ஐஓஎஸ் 18 வரை பெற்றது. உங்கள் ஊரில் அதிகாரபூர்வ சர்வீஸ் மையம் எவ்வளவு தூரம் என்பது இதைவிடக் கனமான கேள்வி. திரை உடைந்த அன்று பக்கத்து ஊருக்குப் பஸ் ஏற வேண்டுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய போனைக் கைவிடுதல்

வங்கிச் செயலிகள், ஓடிபி செயலிகள், வாட்ஸ்அப், படங்களின் எண்ணிக்கை எல்லாம் துண்டுச்சீட்டோடு ஒத்துப்போகும்வரை, குறைந்தது இரண்டு வாரம், பழைய போனை அழிக்காதீர்கள். பிறகு வரிசை முக்கியம். ஐபோனில் வாட்ச் இருந்தால் முதலில் அதன் இணைப்பை நீக்கி, ஃபைண்ட் மை-யை (தொலைந்த போனைத் தேடும் வசதி) அணைத்து, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, கடைசியில் முழு அழிப்பு. ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கையும் சாம்சங் கணக்கையும் செட்டிங்ஸில் நீக்கிவிட்டு, அதன்பின் ரீசெட். கணக்கை நீக்காமல் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால் வாங்கியவரிடம் போன் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். விற்குமுன் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) ரசீதில் குறித்து, வாங்குபவரின் கையெழுத்தோடு ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.